சென்னை வீட்டுல லினக்ஸ் கம்ப்யூட்டர்ல டிவி ட்யூனர் கார்டை ஓட வைக்கிறது: முழு வழிகாட்டி

பரண்ல ஒரு பழைய டிவி ட்யூனர் கார்டு கிடக்கும், இல்லன்னா ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு மலிவா மாட்டியிருக்கும், அதை உபுண்டுலயோ டெபியன்லயோ ஓட வைக்கணும்னு ஆசைப்படுறவங்க இன்னமும் இருக்காங்க. எல்லாரும் முதல்ல தேடுறது டிரைவர். அதுக்கு முன்னாடி ஒரு கேள்விக்கு பதில் தெரிஞ்சாகணும்: உங்க வீட்டு ஒயர்ல இப்போ வர்றது என்ன சிக்னல்? இது தெரியாம டிரைவரோட மல்லுக்கட்டினா கார்டு நல்லாவே வேலை செஞ்சும் திரையில வெறும் புள்ளி தான் தெரியும், நீங்க லினக்ஸை திட்டிக்கிட்டு இருப்பீங்க.

(கமாண்ட் பேரு, ஃபைல் பேரு எல்லாம் காதுல கேக்குற மாதிரி எழுதியிருக்கேன். டெர்மினல்ல அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க.)

முதல்ல சிக்னல், அப்புறம் தான் கார்டு

பழைய பிசிஐ கார்டு எல்லாத்துலயும் இருக்கிற ஆன்டெனா சாக்கெட் அனலாக் சிக்னலுக்கானது, நம்ம ஊர்ல அது பால் (பிஏஎல்) பி/ஜிங்கிற பழைய டிவி முறை. ஒரு காலத்துல கேபிள் ஒயரை நேரா அதுல சொருகினா போதும், படம் வந்துடும். சென்னையில 2003 செப்டம்பர் 1ல கேஸ் (சிஏஎஸ், கட்டண சேனலைப் பூட்டி அனுப்புற முறை) வந்து கட்டண சேனலுக்கு பாக்ஸ் கட்டாயம் ஆனப்போ கூட இலவச சேனல் எல்லாம் அதே ஒயர்ல அனலாக்காவே வந்துட்டு இருந்துச்சு. அப்புறம் நாலு பெருநகரத்துக்கும் 2012 அக்டோபர் 31 தான் கடைசி தேதின்னு டிஜிட்டல் மாத்தம் வந்துச்சு, சென்னையில மட்டும் கோர்ட்டு கேஸுன்னு இழுத்துச்சு, ஆனா கடைசியில இங்கயும் எல்லாம் பாக்ஸ் தான். இப்போ கேபிள் ஒயர்ல வர்றது டிவிபி-சி, அதாவது கேபிளுக்கான டிஜிட்டல் முறை, அதுவும் பெரும்பாலும் பூட்டு போட்டது. தூர்தர்ஷனும் தரைவழி அனலாக் டிரான்ஸ்மிட்டரை எல்லாம் படிப்படியா மூடிட்டாங்க.

அதனால அந்த கார்டுல இருக்கிற ட்யூனர் டப்பாக்கு, அதாவது அந்த பளபளன்னு இருக்கிற தகரப் பெட்டிக்கு, சென்னையில இனிமே வேலை கிடையாது. ஆனா அதே கார்டுல பக்கத்துல மஞ்சள் கலர்ல காம்போசிட் சாக்கெட் இருக்கும், இல்லன்னா நாலு ஊசி வச்ச எஸ்-வீடியோ சாக்கெட் இருக்கும். அதுக்கு இன்னும் உயிர் இருக்கு.

ஆக நமக்கு மூணு வழி. செட்டாப் பாக்ஸோட ஏவி அவுட்டை கார்டோட காம்போசிட்ல குடுக்கிறது ஒண்ணு. மாடியில டிஷ் வச்சு தூர்தர்ஷனோட இலவச சேவையான டிடி ஃப்ரீ டிஷ்ஷை டிவிபி-எஸ் இல்ல எஸ்2 கார்டுல (சாட்டிலைட் டிஜிட்டல் கார்டு) பிடிக்கிறது ரெண்டு. ஆன்டெனா வச்சு தூர்தர்ஷனோட டிவிபி-டி2, அதாவது தரைவழி டிஜிட்டல் சிக்னலைப் பிடிக்கிறது மூணு. கையில கார்டு ஏற்கனவே இருந்தா முதல் வழி போங்க. காசு போட்டு புதுசா வாங்கப் போறீங்கன்னா ரெண்டாவது தான் நல்லது, ஏன்னா அதுல படம் டிஜிட்டலா அப்படியே வந்து விழும், கன்வெர்ட் பண்ற வேலையே இல்ல. மூணாவது ஒரு ஆர்வத்துக்கு செய்யலாம்.

கார்டு யாருன்னு கண்டுபிடிக்கிறது

பெட்டி மேல அச்சடிச்ச பேரை நம்பாதீங்க. பின்னக்கிள், பிக்ஸல்வியூ, லீட்டெக், ஏவர்மீடியான்னு பேரு எதுவா இருந்தாலும் லினக்ஸ் அதைப் பாக்காது, உள்ள இருக்கிற சிப்பைத் தான் பாக்கும். ஒரே பேர்ல ஒரே பெட்டியில வேற வேற சிப் வச்சு வித்த கதை எல்லாம் இந்த கார்டு உலகத்துல சகஜம். டார்ச் அடிச்சு கார்டுல இருக்கிற பெரிய சிப் மேல எழுதியிருக்கிறதைப் படிங்க. பெரும்பாலும் மூணு குடும்பம் தான் வரும்:

பிடி878, இதுக்கு டிரைவர் பிடிடிவி.
எஸ்ஏஏ7130 இல்ல 7134, இதுக்கு டிரைவர் எஸ்ஏஏ7134.
சிஎக்ஸ்23881, 23883 மாதிரி, இதுக்கு டிரைவர் சிஎக்ஸ்88.

மூணுமே கெர்னல்லயே, அதாவது லினக்ஸோட உட்கருவுலயே இருக்கு, தனியா டவுன்லோட் பண்ண வேண்டியது இல்ல. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, ப்ளக்கையும் பிடுங்கிட்டு கார்டை மாட்டுங்க. ஆன் பண்ணதும் டெர்மினல்ல எல்எஸ்பிசிஐ, ஒரு ஸ்பேஸ், மைனஸ் என்என்கே போட்டுப் பாருங்க. மல்டிமீடியா கன்ட்ரோலர்னு ஒரு வரி வரும், அதுல 1131:7130ன்னு இருந்தா பிலிப்ஸ் எஸ்ஏஏ7130, 1131:7134ன்னா 7134. அதுக்குக் கீழயே சப்சிஸ்டம்னும், எந்த டிரைவர் எடுத்திருக்குன்னும் காட்டும். வரியே வரலன்னா லினக்ஸ் பிரச்சனை இல்ல, கார்டு ஸ்லாட்ல சரியா உக்காரல. தங்க முனையை ரப்பர் வச்சு தேச்சு துடைச்சுட்டு மறுபடி மாட்டுங்க, கடல் காத்து அடிக்கிற ஏரியாவுல பல வருஷம் கிடந்த கார்டுன்னா இது கட்டாயம்.

புது மதர்போர்டுல பிசிஐ ஸ்லாட்டே இருக்காது, பிசிஐ எக்ஸ்பிரஸ்ல இருந்து பிசிஐக்கு மாத்துற குட்டி பிரிட்ஜ் போர்டு கிடைக்குது. வாங்குங்க, தப்பில்ல, ஆனா ஏஎஸ்எம்1083 சிப் வச்ச பிரிட்ஜ்ல இன்டரப்ட் தகராறு லினக்ஸ்ல ரொம்ப பிரசித்தம், கொஞ்ச நேரம் படம் ஓடிட்டு உறைஞ்சு நின்னுடும், டிமெசக்ல (கெர்னல் எழுதி வைக்கிற செய்தியைக் காட்டுற கமாண்ட்) ஐஆர்க்யூ நோபடி கேர்டுன்னு புலம்பும். அந்தத் தொல்லை வேண்டாம்னா பிசிஐ கார்டை விட்டுட்டு ஒரு யூஎஸ்பி கேப்சர் குச்சி வாங்கிக்கோங்க, ஈஸிகேப்னு விக்கிறது தான். அதுலயும் சிப் பாத்து வாங்கணும்: எஸ்டிகே1160 சிப்னா கெர்னல் 3.7ல இருந்தும், யூஎஸ்பிடிவி டிரைவர் எடுக்கிற ரகம்னா 3.11ல இருந்தும் சொருகினதும் ஓடும். சொமேஜிக் சிப் வச்ச ஈஸிகேப்பும் அதே உடம்புல வருது, அதுக்கு கெர்னல்ல டிரைவர் இல்ல, கடைக்காரர் எல்லாம் ஒண்ணு தான் சார்ன்னு தான் சொல்வாரு.

விர்ச்சுவல்பாக்ஸ் உள்ள லினக்ஸ் போட்டு இதை எல்லாம் முயற்சி பண்ணாதீங்க. பிசிஐ கார்டு உள்ள தெரியவே தெரியாது. நேரா ஹார்ட் டிஸ்க்ல போட்ட லினக்ஸ் வேணும், இல்ல பென் டிரைவ்ல இருந்து லைவ்வா பூட் பண்ணது வேணும். டெபியன், உபுண்டு, மின்ட், நம்ம தரமணி பக்கம் பழக்கப்பட்டவங்க சொல்ற மத்திய அரசோட சிடாக் சென்னைக்காரங்களோட பாஸ் லினக்ஸ், எது வேணா இருக்கட்டும், அதுவும் டெபியன் வழி தான்.

டிரைவர்கிட்ட கார்டு எதுன்னு சொல்றது

டிமெசக் அடிச்சு கடைசியில எஸ்ஏஏ7134ன்னோ பிடிடிவின்னோ வர்ற வரிகளைப் படிங்க. நல்ல கம்பெனி கார்டுல ஈப்ராம்னு குட்டி மெமரி சிப் இருக்கும், அதைப் படிச்சு டிரைவரே நீ இன்ன கார்டுன்னு சொல்லிடும். மலிவு கார்டுல அந்த சிப்பையே மிச்சம் பிடிச்சிருப்பாங்க. அப்போ கார்டு=0, அன்நோன் ஜெனரிக்னு வந்து, உங்க போர்டு யாருன்னு எனக்குத் தெரியல, நீங்களே சொல்லுங்கன்னு கெர்னல் ஒரு நீள லிஸ்டே கொட்டும். பயந்துடாதீங்க, அது எர்ரர் இல்ல.

நாம தான் நம்பர் குடுக்கணும். எஸ்ஏஏ7130 குளோன் கார்டு நிறைய லைஃப்வியூ ஃப்ளைவீடியோ2000 டிசைனை காப்பி அடிச்சது, அதுக்கு கார்டு நம்பர் 3. பிக்ஸல்வியூ ப்ளேடிவி ப்ரோ, பிடி878 ரகம்னா 37. மத்ததுக்கு கெர்னல் டாக்குமென்ட்ல கார்டுலிஸ்ட்னு ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பட்டியல் இருக்கு, அதுல உங்க கார்டு மாதிரியே சாக்கெட் இருக்கிறதா பாத்து தேர்ந்தெடுங்க.

சோதிக்கிற முறை இது தான். முதல்ல சூடோ மாட்ப்ரோப் மைனஸ் ஆர் எஸ்ஏஏ7134 அடிச்சு டிரைவரை இறக்குங்க (அதோட சத்த டிரைவரான எஸ்ஏஏ7134-அல்சா ஏறியிருந்தா அதை முதல்ல இறக்கணும், இல்லன்னா மாட்யூல் இன் யூஸ்னு அடம் பிடிக்கும்). அப்புறம் சூடோ மாட்ப்ரோப் எஸ்ஏஏ7134 கார்டு=3 ட்யூனர்=4ன்னு ஏத்துங்க. ட்யூனர்=4ங்கிறது ட்யூனரே இல்லன்னு அர்த்தம். நாம காம்போசிட் மட்டும் தானே பாக்கப் போறோம், அந்த தகரப் பெட்டி எந்த மாடல்னு மண்டையை உடைச்சுக்க வேண்டியதே இல்ல. பழைய கைடுல ட்யூனர்=5 போடு, 38 போடு, 54 போடு, 69 போடுன்னு பக்கம் பக்கமா இருக்கிறது எல்லாம் அனலாக் கேபிள் காலத்து பாடு, கண்டுக்காதீங்க.

வரிசையா எல்லா நம்பரையும் போட்டு பாக்குற ஸ்கிரிப்ட் சிலர் எழுதி வச்சிருப்பாங்க, அது வேண்டாம். ஒவ்வொரு கார்டு நம்பரும் கார்டோட ஜிபிஐஓ கால்களை (உள் சுவிட்ச் மாதிரி வேலை செய்றது) ஒவ்வொரு விதமா திருப்பும், அந்த நிலைமை டிரைவர் மாட்யூலை இறக்கினாலும் அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், அடுத்த நம்பர் சரியானதா இருந்தாலும் தப்புன்னு தோணிடும். ஒரு நம்பர் ஒத்து வரலன்னா கம்ப்யூட்டரை முழுசா ஆஃப் பண்ணி, சுவிட்ச் போர்டுலயும் ஆஃப் பண்ணி, கொஞ்சம் விட்டு ஆன் பண்ணிட்டு அடுத்ததை போடுங்க. விண்டோஸ்ல ஓட்டிட்டு அப்படியே ரீஸ்டார்ட் பண்ணி லினக்ஸ் வந்தா மட்டும் ஓடுது, நேரா லினக்ஸ் வந்தா ஓடலன்னு சொல்றவங்களுக்கும் இதே தான் காரணம்.

சரியான நம்பர் கிடைச்சதும் அதை நிரந்தரம் ஆக்கிடுங்க. ஈடிசி ஃபோல்டர்ல மாட்ப்ரோப்.டி உள்ள ட்யூனர்.கான்ஃப்னு ஒரு ஃபைல் பண்ணி ஒரே ஒரு வரி: ஆப்ஷன்ஸ் எஸ்ஏஏ7134 கார்டு=3 ட்யூனர்=4. லேப்டாப் வெப்கேம் மாதிரி வேற கேமரா இருந்தா அது வீடியோ0ங்கிற டிவைஸ் பேரை பிடிச்சிக்கும், கார்டு ஒரு நாள் வீடியோ1, இன்னொரு நாள் வீடியோ2ன்னு கண்ணாமூச்சி ஆடும். அதே வரியில வீடியோ_என்ஆர்=9ன்னு சேத்துட்டா எப்பவும் வீடியோ9ல தான் வரும்.

உபுண்டுவுல சின்ன இன்ஸ்டால், சர்வர் கெர்னல் மாதிரி ஏதாவது போட்டிருந்தா டிவி டிரைவர் எல்லாம் இல்லாமயே இருக்கலாம், லினக்ஸ்-மாட்யூல்ஸ்-எக்ஸ்ட்ரா பேக்கேஜ்ல தான் அது இருக்கு, உங்க கெர்னல் வெர்ஷனுக்கு உள்ளதை போடுங்க. உங்க யூசரை வீடியோ க்ரூப்ல சேருங்க, லாக்அவுட் பண்ணி திரும்ப வாங்க. இதை மறந்துட்டு பர்மிஷன் டினைட் வாங்குறவங்க நிறைய.

படம்

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வி4எல்-யூட்டில்ஸ் எம்பிவி விஎல்சி. காம்போசிட் வழிக்கு இது போதும். செட்டாப் பாக்ஸோட மஞ்சள் ஆர்சிஏ ஒயரை கார்டோட காம்போசிட்ல சொருகுங்க. புது பாக்ஸ்ல மூணு ஓட்டை இல்லாம 3.5 எம்எம் ஏவி ஜாக் ஒண்ணே ஒண்ணு தான் இருக்கும், அந்த ஒயர்ல ஒரு சூது இருக்கு: நாலு வளையத்துல எது வீடியோ எது கிரவுண்டுன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும். தப்பான ஒயர் போட்டா படம் கருப்பு, சத்தத்துல உர்ர்ர். பாக்ஸோட கூட வந்த ஒயரையே தேடி எடுங்க.

வி4எல்2-சிடிஎல் மைனஸ் மைனஸ் லிஸ்ட்-டிவைசஸ் அடிச்சா எந்த கார்டு எந்த வீடியோ நம்பர்னு வரும். அதே கமாண்டுல மைனஸ் டி போட்டு டெவ் வீடியோ9ஐ குடுத்து, லிஸ்ட்-இன்புட்ஸ் கேட்டா டெலிவிஷன், காம்போசிட்1, எஸ்-வீடியோன்னு நம்பரோட காட்டும். காம்போசிட் நம்பரை செட்-இன்புட்ல குடுங்க, செட்-ஸ்டாண்டர்டுல பால் குடுங்க. அப்புறம் எம்பிவி, ஸ்பேஸ், ஏவி கோலன் ரெண்டு ஸ்லாஷ் வி4எல்2 கோலன், அதோட ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் வீடியோ9. பாக்ஸ் ஆன்ல இருந்தா படம் வந்துடணும்.

படம் கருப்பு வெள்ளையா மேல கீழ உருண்டா ஸ்டாண்டர்டு என்டிஎஸ்சில (அமெரிக்க டிவி முறை) இருக்கு, பால் ஆக்குங்க. வெறும் நீலமோ கருப்போ வந்தா இன்புட் நம்பர் தப்பு, அடுத்த காம்போசிட்டை போடுங்க, சில கார்டுல காம்போசிட்1னு பேரு இருக்கும், ஒயர் போறது 3க்கு. அசையுற உருவம் எல்லாம் சீப்பு பல்லு மாதிரி கோடு கோடா தெரிஞ்சா அது இன்டர்லேஸ், எம்பிவில சின்ன டி கீயை அமுக்கினா டிஇன்டர்லேஸ் ஆகிடும். டிவிடைம்னு ஒரு பழைய ப்ரோக்ராம் இருக்கு, இதுக்குன்னே பொறந்தது, டிஇன்டர்லேஸ் அழகா செய்யும், ஆனா முதல் தடவை திறந்ததும் நார்ம் என்டிஎஸ்சியா இருக்கான்னு பாத்து பால் ஆக்கி, இன்புட்டையும் மாத்திடுங்க.

2011க்கு முன்னாடி எழுதின கைடு எதையாவது வச்சுக்கிட்டு கமாண்ட் காப்பி பண்ணீங்கன்னா ஓடாது. கெர்னல் 2.6.38ல பழைய வி4எல்1 முறையையே தூக்கிட்டாங்க, அதை நம்பின ப்ரோக்ராம் எல்லாம் அதோட போச்சு.

எச்டிஎம்ஐ கேப்சர் குச்சி வாங்கலாமேன்னு தோணும். குச்சி லினக்ஸ்ல வெப்கேம் மாதிரி உடனே ஓடும் தான், ஆனா கட்டண பாக்ஸ் எச்டிசிபி பூட்டு போட்டு அனுப்புது, கருப்பு திரை தான் கிடைக்கும். அதான் சுத்தி வளைச்சு காம்போசிட்டுக்கே வர்றோம், 576 கோடு தான் படம், எச்டி எதிர்பாக்காதீங்க.

சத்தம், இதுல தான் முக்கால்வாசி பேர் கைவிடுறது

படம் வந்துடுச்சு, சத்தம் வரல. இது தான் எல்லாரோட புலம்பலும். காரணம் ரொம்ப எளிசு, காம்போசிட் ஒயர்ல சத்தமே கிடையாது. சிவப்பு வெள்ளை ஒயர்ல தான் சத்தம் தனியா வருது.

எஸ்ஏஏ7130ல பஸ் வழியா சத்தம் அனுப்புற வசதியே இல்ல, அதோட பின்னாடி ஓட்டையில இருந்து ஒரு குட்டி ஒயர் சவுண்ட் கார்டுக்கு போட்டாகணும். 7134ல எஸ்ஏஏ7134-அல்சா, சிஎக்ஸ்88ல சிஎக்ஸ்88-அல்சா, பிடி878ல எஸ்என்டி-பிடி87எக்ஸ்னு டிரைவர் இருக்கு, அது தனி சவுண்ட் கார்டா தெரியும். ஆனா நம்ம வழியில இதெல்லாம் எதுக்கு? பாக்ஸோட சிவப்பு வெள்ளையை ரெண்டு ஆர்சிஏல இருந்து 3.5 எம்எம்முக்கு போற ஒயர் வச்சு நேரா மதர்போர்டோட நீல ஓட்டையில, லைன்-இன்ல, சொருகிடுங்க. ட்யூனர் கார்டை சத்தத்துல இருந்தே விலக்கி வச்சிடலாம். அதான் என் சிபாரிசு, கார்டு எதுவா இருந்தாலும் இதே தான்.

சொருகினதும் கேக்காது. அல்சாமிக்சர் திறந்து எஃப்6ல சவுண்ட் கார்டை தேர்ந்தெடுத்து, எஃப்4 அமுக்கி கேப்சர் பக்கம் போய், லைன்னு இருக்கிறதுல ஸ்பேஸ் அமுக்கினா சிவப்பா கேப்சர்னு வரும். இன்புட் சோர்ஸ்னு தனியா இருந்தா அதை மைக்ல இருந்து லைனுக்கு மாத்துங்க. அடுத்தது, உள்ள வர்றதை ஸ்பீக்கருக்கு விடணும்: லினக்ஸோட சத்த சர்வர் பல்ஸ்ஆடியோவா இருந்தாலும் பைப்வயரா இருந்தாலும் பாக்டிஎல் லோட்-மாட்யூல் மாட்யூல்-லூப்பேக் வேலை செய்யும், லேட்டன்சி_எம்செக்=50ன்னு சேத்துக்கோங்க, இல்லன்னா உதட்டசைவும் வசனமும் ஒட்டாது. லேப்டாப்ல லைன்-இன் ஓட்டை இருக்காது, மைக் ஓட்டையில பாக்ஸ் சத்தத்தை குடுத்தா கரகரன்னு உடையும், அதுக்கு ஒரு சின்ன யூஎஸ்பி சவுண்ட் கார்டு, லைன்-இன் வச்சதா பாத்து வாங்கிடுங்க.

தொடர்ச்சியா ம்ம்ம்னு ஒரு இரைச்சல் கூடவே வந்தா அது எர்த் லூப். பாக்ஸ் ஒரு பிளக்ல, கம்ப்யூட்டர் இன்னொரு ரூம் பிளக்ல, கேபிள்காரர் ஒயரோட கவசம் மாடியில எதையோ தொட்டுக்கிட்டு இருக்கும். முதல்ல ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல போடுங்க, பழைய வீட்டு ஒயரிங்கா இருந்தா எர்த் இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை விட்டு பாக்க சொல்லுங்க. அப்பவும் போகலன்னா கார் ஸ்டீரியோ கடையில கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கேளுங்க, இடையில மாட்டினா அடங்கிடும். கம்ப்யூட்டரோட எர்த் பின்னை மட்டும் யாராவது வெட்ட சொன்னா கேக்காதீங்க.

டிடி ஃப்ரீ டிஷ்: மாசக் காசு இல்லாத வழி

2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் ப்ளஸ்னு ஆரம்பிச்சது தான் இப்போ டிடி ஃப்ரீ டிஷ். மாசக் கட்டணம் கிடையாது. ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்கு 93.5 டிகிரி. இந்தி சேனல் தான் நிறைய, தமிழ்ல டிடி தமிழ், அதாவது 2024 ஜனவரி வரைக்கும் பொதிகைன்னு இருந்தது, அது நல்லா கிடைக்கும். தமிழ் சீரியல் எல்லாம் வேணும்னா இந்த வழி உங்களுக்கு இல்ல, மேல சொன்ன பாக்ஸ் வழி தான்.

கார்டு விஷயத்துல, பழைய டெக்னிசாட் ஸ்கைஸ்டார் 2 கிடைச்சா அது டிவிபி-எஸ் மட்டும் தான் பிடிக்கும், கெர்னல்லயே டிரைவர் இருக்கு, ஃப்ரீ டிஷ்ல எம்பெக்-2ல வர்ற சேனலுக்கு போதும். எம்பெக்-4 சேனலுக்கு எஸ்2 கார்டு வேணும். டிபிஎஸ் கார்டுன்னா தரம் நல்லா இருக்கும், ஆனா அதோட டிரைவரை கெர்னலுக்கு வெளிய இருந்து கம்பைல் பண்ணணும், கெர்னல் அப்டேட் ஆகும்போதெல்லாம் திரும்ப பண்ணணும்.

இப்போ டிஷ். சென்னையில இருந்து பாத்தா 93.5 டிகிரி செயற்கைக்கோள் திசை வடக்குல இருந்து சுமார் 134 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட சரியா தென்கிழக்கு. மாடியில நின்னு கடல் பக்கம் முகம் வச்சு, அப்படியே வலது பக்கம் அரைவாசி திரும்புங்க. உயரம் சுமார் 68 டிகிரி, ரொம்ப மேல. அதனால பக்கத்து ஃப்ளாட் நாலு மாடி இருந்தாலும் பெரும்பாலும் மறைக்காது, தென்னை மட்டை தான் மறைக்கும். ஆஃப்செட் டிஷ்ங்கிறதால முகம் அவ்ளோ மேல பாக்குற மாதிரி தோணாது, கணக்கை விட 20, 25 டிகிரி கம்மியா தெரியும், பின்னாடி பிராக்கெட்ல அச்சடிச்ச அளவை பாத்து வைங்க. அக்கம்பக்கத்துல சன் டைரக்ட் டிஷ் இருந்தா அதுவும் கிட்டத்தட்ட அதே பக்கம் தான் பாத்துக்கிட்டு இருக்கும், ஒரு அடையாளத்துக்கு வச்சுக்கலாம்.

எல்லாரும் விடுறது எல்என்பி, அதாவது டிஷ் முன்னாடி கம்பி நுனியில இருக்கிற குட்டித் தலையோட சாய்வு. நாம பூமத்திய ரேகைக்கு பக்கம், செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்குல இல்லாம கிழக்கே 13 டிகிரி தள்ளி இருக்கு, இதனால சாய்வு கணக்கு 45 டிகிரி பக்கம் வருது. எல்என்பியை நேரா நிமித்தி வச்சா செங்குத்தும் கிடையும் பாதிப்பாதி கலந்து வரும், சிக்னல் இருக்குன்னு காட்டும், லாக் ஆகாது. பிடியை லூஸ் பண்ணி மெதுவா ரெண்டு பக்கமும் திருப்பி எங்க தரம் அதிகமா வருதோ அங்க இறுக்குங்க.

எல்என்பி மேல 9.75 / 10.6னு எழுதியிருக்கணும், யூனிவர்சல்னு சொல்வாங்க. ஏன்னா ஃப்ரீ டிஷ் வர்ற 11090 மெகாஹெர்ட்ஸ்ல இருந்து 9750ஐ கழிச்சா 1340, அது கார்டு பிடிக்கிற 950 முதல் 2150க்குள்ள வருது. 10600 மட்டும் இருக்கிற எல்என்பின்னா மிச்சம் 490 தான், கார்டுக்கு எட்டாது. ஒயர் ஆர்ஜி6, கனெக்டரை சுத்தி செல்ஃப் அமால்கமேட்டிங் டேப் ஒட்டுங்க, பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காத்துல பச்சை பிடிச்சு சீக்கிரமே போயிடும். ஒயர்ல கார்டு 13 இல்ல 18 வோல்ட் அனுப்பும், அதனால கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு தான் கழட்டி மாட்டணும், நடு கம்பி வெளி வலையில பட்டா கார்டு புகைஞ்சிடும்.

ஸ்கேன் பண்றதுக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதுங்க. முதல் வரி சதுர அடைப்புக்குள்ள சேனல். அப்புறம் டெலிவரி_சிஸ்டம் = டிவிபிஎஸ், ஃப்ரீக்வென்சி = 11090000, போலரைசேஷன் = வெர்டிகல், சிம்பல்_ரேட் = 29500000, இன்னர்_எஃப்இசி = ஆட்டோ, ஒவ்வொண்ணும் தனி வரி. இந்த ஃபைலுக்குள்ள மட்டும் எல்லாம் பெரிய எழுத்து. சாட்டிலைட்டுக்கு ஃப்ரீக்வென்சி கிலோஹெர்ட்ஸ்ல, தரைவழிக்கு ஹெர்ட்ஸ்ல, இந்த பூஜ்ஜிய எண்ணிக்கையில தான் பாதி பேர் சறுக்குறாங்க. டிவிபிவி5-ஸ்கேன் மைனஸ் எல் யூனிவர்சல், ஃபைல் பேரு. லாக்னு வந்து சேனல் பேரு ஓட ஆரம்பிச்சா ஜெயிச்சாச்சு, டிவிபி_சேனல்.கான்ஃப்னு ஒரு ஃபைல் உண்டாகும். டிவிபிவி5-சாப் மைனஸ் சி அந்த ஃபைல், மைனஸ் ஆர், சேனல் பேரை மேற்கோள் குறிக்குள்ள குடுத்துட்டு, இன்னொரு டெர்மினல்ல எம்பிவிக்கு டெவ், டிவிபி, அடாப்டர்0, டிவிஆர்0ஐ குடுங்க. படமும் சத்தமும் சேந்தே வரும், லைன்-இன் பாடு எதுவும் இல்ல. கமாண்ட் பிடிக்காதவங்க காஃபீன்னு டிவி பாக்குற ப்ரோக்ராம் போட்டுக்கலாம்.

வடகிழக்கு பருவமழை நேரத்துல, அடை மழையில படம் கட்டம் கட்டமா உடையும், அது மழை சிக்னலைக் குடிக்கிறது, கார்டை நோண்டாதீங்க. மழை விட்டும் வரலன்னா கனெக்டருக்குள்ள தண்ணி.

டிவிபி-டி2, சுருக்கமா

2016 பிப்ரவரில தூர்தர்ஷன் 16 ஊர்ல டிவிபி-டி2 ஆரம்பிச்சதுல சென்னையும் ஒண்ணு. வாங்கும்போது ஒரு பொறி இருக்கு: ஆன்லைன்ல டிவிபி-டின்னு மலிவா வர்ற ஆர்டிஎல்2832யூ குச்சி டி2 பிடிக்காது. டிவிபி-டி சேனல் இங்க கிடையாது, அதனால அது டிவிக்கு உதவாது, எஸ்டிஆர் (சாஃப்ட்வேர்ல ஓடுற ரேடியோ) விளையாட்டுக்கு அருமையா உதவும். டி2க்கு எஸ்ஐ2168 சிப் வச்சதோ, எம்என்88473 சேந்த அஸ்ட்ரோமீட்டா குச்சியோ தேடுங்க. ரெண்டுக்கும் ஃபர்ம்வேர் ஃபைல் தனியா வேணும். டிமெசக்ல டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்ட், எர்ரர் மைனஸ் 2ன்னு வந்தா அந்த ஃபைல் இல்லன்னு அர்த்தம், எந்த பேர்ல கேக்குதோ அதே பேர்ல லிப் ஃபர்ம்வேர் ஃபோல்டர்ல போடுங்க, லிப்ரஎலெக் ப்ராஜெக்ட்காரங்க டிவிபி-ஃபர்ம்வேர்னு ஒரு தொகுப்பே வச்சிருக்காங்க. டவர் சேப்பாக்கத்துல சுவாமி சிவானந்தா சாலையில, தூர்தர்ஷன் கேந்திராலயே இருக்கு, ஆன்டெனாவை அந்தப் பக்கம் திருப்பி ஜன்னல் ஓரமா வைங்க, கம்ப்யூட்டர் மேல வைக்காதீங்க. ஸ்கேன் ஃபைல்ல டிவிபிடி2, பேண்ட்விட்த் 8000000.

ரெக்கார்டிங்

காம்போசிட் வழியில 720க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம், அப்படியே பதிஞ்சா நொடிக்கு கிட்டத்தட்ட 21 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 75 ஜிபி பக்கம். அதனால எஃப்எஃப்எம்பெக்ல வீடியோக்கு வி4எல்2, சத்தத்துக்கு அல்சா இன்புட்டா குடுத்து, யாடிஃப் (டிஇன்டர்லேஸ்) ஃபில்டர் போட்டு, எச்.264ஆ உடனே சுருக்கிடுங்க, பழைய டூயல் கோர் மெஷின்னா ப்ரீசெட் வெரிஃபாஸ்ட் போடுங்க. பாக்ஸ்ல சேனல் மாத்த ரிமோட்டை நாம தான் அமுக்கணும், அதனால ராத்திரி ரெண்டு மணி படம் ஒண்ணு, நாலு மணி மேட்ச் வேற சேனல்னா இந்த வழி ஆகாது.

ஃப்ரீ டிஷ்ல அந்தக் கவலை இல்ல, வர்ற ஸ்ட்ரீமை அப்படியே ஃபைல்ல கொட்டுறது தான், 2.5 எம்பிபிஎஸ் சேனல்னா மணிக்கு 1.1 ஜிபி, ராஸ்பெர்ரி பை கூட மூச்சு வாங்காம செய்யும். இதுக்கு டிவிஹெட்எண்ட்னு டிவி ரெக்கார்டிங் சர்வர் போடுங்க. ப்ரௌசர்ல அந்த மெஷினோட ஐபி, கோலன் 9981, அதுல நெட்வொர்க் ஒண்ணு உண்டாக்கி மேல சொன்ன 11090ஐ மக்ஸா (பல சேனல் சேந்து வர்ற ஃப்ரீக்வென்சி) சேத்து ஸ்கேன் விட்டீங்கன்னா சேனல் வந்து நிக்கும், ஹால் டிவில இருக்கிற கோடிங்கிற ப்ளேயர்ல இருந்து அதே வைஃபைல பாத்துக்கலாம். சில டிஸ்ட்ரோவோட ரெப்போவுல இப்போ டிவிஹெட்எண்ட் இருக்காது, டாக்கர்ல (ப்ரோக்ராமை தனி டப்பாவுக்குள்ள ஓட்டுற வசதி) போட்டா டெவ் டிவிபி ஃபோல்டரை கன்டெய்னருக்குள்ள டிவைஸா காட்டணும், இல்லன்னா அடாப்டர் லிஸ்ட் காலியா இருக்கும். அடாப்டர் தெரிஞ்சும் ஸ்கேன் மட்டும் ஃபெயில் ஆனா வேற ஏதாவது ப்ரோக்ராம், பெரும்பாலும் முன்னாடி திறந்து மூட மறந்த காஃபீனோ டிவிபிவி5-சாப்போ, ஃப்ரண்ட்எண்டை, அதாவது கார்டோட ட்யூனர் பகுதியைப் பிடிச்சிக்கிட்டு இருக்கும், ஃப்யூசர் மைனஸ் வி போட்டு யாருன்னு பாத்து மூடிட்டு ஸ்கேனை மறுபடி விடுங்க.